தாமதமாகத் திறந்த மெசின்

எனக்கு எழுத்துத் தெரியாது; வாய் மட்டும் நிறைய உண்டு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பிலிமத்தலாவையில் என் மருமகன் கல்யாணக் கார்ட் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது வந்த அன்று திரைக் கண்ணாடியிலேயே சந்தனப் பொட்டு வைத்தேன். எல்லோரும் கத்தினார்கள். கத்தட்டும், அழகாகத்தான் இருந்தது!

பேத்தி கண்டி டவுனில் கம்ப்யூட்டர் படித்தாள். அங்கே படிப்பித்த சிஸ்டம் வேறு, கடையில் இருந்தது வேறு. இன்னொரு மெசின் வாங்க வழியில்லை. அதனால் கடைச் சிஸ்டத்துக்குள்ளேயே தன்னுடையதையும் ஓடவிட்டாள். இரண்டும் ஒரே மெமரியைப் பங்குபோட்டன. ஒரு கார்ட் திறப்பதற்குள் நான் வெற்றிலை மடித்து, மென்று, துப்பிவிடலாம்.

"இது மெசினா, மாட்டு வண்டியா?" என்பார் மருமகன்.

"ரெண்டு பேரு வேலைய ஒருத்தன் செய்றான்பா. கொஞ்சம் பொறுங்க," என்பாள் பேத்தி.

அது யுத்த காலம். கலவரத்தில் அடிபட்ட நாளிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம்: யூனிபோர்ம் போட்டவன் கேட்டால் கதவு, அலுமாரி, அரிசி டின் எதையும் உடனே திறந்து காட்டிவிடுவோம். தாமதித்தால் எதையோ ஒளிக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் சிங்களப் பொலிஸ்காரன் ஒருவன் கடைக்குள் வந்து, கம்ப்யூட்டரில் இருப்பதைக் காட்டச் சொன்னான். பேத்தி தட்டினாள். திரை அப்படியே நின்றது.

"ஏன் லேட்? என்ன அழிக்கிற?" தெரிந்த தமிழில் கேட்டான்.

"அழிக்கல சேர். ரெண்டு சிஸ்டம் ஓடுது, அதான் ஸ்லோ."

"ரெண்டா? ஒண்ணு எதுக்கு மறைச்ச?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மறைக்கிறவ கடை வாசல்லயா வச்சிருப்பா? கல்யாணக் கார்ட் ஐயா, மாத்தயா. புள்ளையார் வருவாரு, பாருங்க!"

"அம்மாயி, சும்மா இருங்க," என்றாள் பேத்தி.

பிள்ளையார் மெல்ல மெல்ல மேலிருந்து வந்தார். காது வந்தது, நெற்றி வந்தது. தும்பிக்கை வருவதற்குள் அவன் குனிந்து வயரைப் பிடுங்கிவிட்டான்.

"ஐயோ சேர், சேவ் பண்ணல!"

மறுநாள் அவள் வகுப்பில் கொடுக்க வேண்டிய வேலை முழுவதும் அவளுடைய சிஸ்டத்தில்தான் திறந்திருந்தது. அவன் வயரைத் திரும்பச் செருகி, கடைச் சிஸ்டத்தை மட்டும் ஓடவிடச் சொன்னான். பிள்ளையார் சட்டென்று வந்தார்.

"ஆ, இப்ப சரி. இப்படித்தான் வைக்கணும்." போய்விட்டான்.

"அவன் வீட்டு மெசின் ஸ்லோவா இருந்தா எவன் போயி வயரைப் பிடுங்குறான்?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினேன். மருமகன் என்னை உள்ளே இழுத்தார்.

"அத எடுத்துரு மகள். அடுத்த தடவ மெசினையே தூக்கிட்டுப் போவானுங்க."

"எடுக்காதடி! ஆறுதலா, மெதுவா தெறந்தா என்ன, எவன் உசுரு போகுது?"

பேத்தி மெசின் முன்னால் உட்கார்ந்து தன் சிஸ்டத்தை அழித்தாள். பிறகு வகுப்புக்கும் போகவில்லை.

மெசின் தட்டினவுடன் திறந்தது. கார்ட் அடிக்க வந்தவர்கள், "இப்ப நல்ல வேகம்!" என்று மெச்சினார்கள். மெச்சின ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.