கறுத்துப்போன திரையும் கண்மாய் வட்டங்களும்

பழைய மானிட்டரின் பின்பக்கத்திலிருந்து புகை கிளம்பியபோது, மகளின் முகம் அதற்கு ஒரு முழத் தொலைவில் இருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்தக் கருகல் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

கணினி லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட் அதில்தான் இருந்தது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று வரைபடத்தில் வட்டம் வட்டமாகக் காட்டும். திங்கட்கிழமை பசுமலையிலுள்ள அவள் கல்லூரியில் அதை இயக்கிக் காட்ட வேண்டும். சனிக்கிழமை காலை, சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளுடன் ஆட்டோவில் கோரிப்பாளையத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன்.

“என்னண்ணே, பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி வாரீங்க?” என்றார் கடைக்காரர்.

“இதுல ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் மானிட்டர் வாங்குவேன்.”

“எல்லாத்துலயும் ஓடும்ணே.”

அகலமான புது மானிட்டர் ஒன்றை மாட்டினார். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. படம் வரவேண்டிய நேரத்தில் திரை கறுத்து, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மட்டும் நின்றது. இன்னொன்றை மாட்டினார். அதுவும் அப்படியே.

“பெட்டி அவுட்டுண்ணே. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்.”

மகள் என் சட்டையைப் பிடித்தாள். “வேணாம்ப்பா. மறுபடி எல்லாத்தையும் ஓட வைக்க ஒரு வாரம் ஆகும்.”

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். எழுத்து வந்தது, படம்தான் வரவில்லை. அப்படியென்றால் கேபிளும் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கின்றன. சட்டென்று நினைவு வந்தது. பழைய மானிட்டர் மினுக்கிக் கண் வலிக்கிறது என்று மகள் சொன்னதற்காக, நொடிக்கு எண்பத்தைந்து முறை படத்தை அனுப்பும்படி கணினியில் நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். இந்தத் தட்டை மானிட்டர்களுக்கு அறுபதுதான் ஒத்துக்கொள்ளும். குற்றவாளி நான்.

மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்து மட்டும் தெரியும் திரைக்குப் போனேன்.

“விடுங்கப்பா, நான் அடிக்கட்டா?”

“நான் எழுதுனது. நானே அழிக்கிறேன்.”

வரியை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினேன். நீலம், பச்சை, கண்மாய்கள்!

“அடேங்கப்பா! அண்ணே, இதையே கட்டிரவா?”

“எல்லாக் கண்மாயும் முட்டை மாதிரி இருக்கே,” என்றாள் மகள். அந்தப் பழைய பெட்டியால் ஏறக்குறையச் சதுரமான படம்தான் தர முடியும். மானிட்டர் அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருந்தது.

“சதுரமா பழசு ஏதும் கிடக்கா?” என்றேன்.

“புதுசை விட்டுட்டுப் பழசு கேக்குற முத ஆளு நீங்கதாண்ணே.” உள்ளேயிருந்து தூசி படிந்த ஒன்றைத் தூக்கி வந்து மாட்டினார். வட்டங்கள் வட்டமாகவே நின்றன. கடைக்குள் நான் கைதட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை பெட்டியையும் அந்தப் பழைய மானிட்டரையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கல்லூரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு நிமிடமும் உள்ளே புகை கிளம்புவதாகவே தோன்றியது. மகள் ஓடி வந்தாள்.

“சாருங்க கேள்வி கேக்கவே மறந்துட்டாங்கப்பா. ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்க் கண்மாயத் தேடுறாங்க. கல்லுப்பட்டிக்கார சார் இன்னும் எந்திரிக்கலை!”