ஓடு ஒன்று, சதை வேறு

எனக்குச் சந்தேகப் புத்தி. விற்கிறவர் சத்தியம் செய்தாலும் மீனின் செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு விசிறிச் சிப்பி தண்ணி காட்டியது.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இந்தச் சிப்பிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதி. அதைப் படித்தால் எந்தச் சிப்பி எதற்கு உறவு, எது எப்போது பிரிந்தது என்று ஓரளவு சொல்லலாம். இந்தச் சிப்பியோ, ஓட்டைப் பார்த்தால் ஒரு இனம். சதையின் மரபணு எங்கோ வேறு கிளையில் போய் உட்கார்ந்தது.

வழிகாட்டியான சார் சந்தோஷத்தில் குதித்தார். "ஓட்டை வச்சு இனம் பிரிச்சதே தப்பும்மா! வகைப்பாட்டையே மாத்தணும். இந்த ஒரு அத்தியாயம் போதும், பட்டம் உன் கையில."

நான் நம்பவில்லை. ஆய்வக உதவியாளர் குழாயை மாற்றிவிட்டாரோ? இயந்திரம் சொதப்பியதோ? மிச்சச் சதையை எடுத்து நானே மறுபடி செய்தேன். அதே விடை. அப்படியானால் கோளாறு கடற்கரையில்தான்.

மணவாளக்குறிச்சிக்கு அடுத்த கடலோர ஊரில் ஒரு அக்கா, வலையில் விழும் சிப்பிகளை எனக்குச் சேர்த்துத் தருவார். சதை ஸ்பிரிட் பாட்டிலில், ஓடு அதோடு கட்டிய பையில். பஸ் பிடித்துப் போய்க் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"எதுக்கு இப்பிடித் துருவித் துருவிக் கேக்கிய? மண்ணு அள்ளுறவங்க ஆளா நீ?"

தாது மணலுக்காகக் கடற்கரையையே அள்ளிப்போகிற அந்தப் பக்கத்தில் யார் கேள்வி கேட்டாலும் முதலில் எழும் சந்தேகம் அது.

"சத்தியமா இல்லக்கா. இந்த ஓடு அந்தச் சதையோடதானா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அதோட ஓடு வலையில அடிபட்டு ஒடஞ்சுல்லா போச்சு. ஒடஞ்சத எப்பிடி மக்கா ஒனக்குத் தருவேன்? கன்னியாகுமரி கடைக்குக் குடுக்க வச்சிருந்ததுல அதே அளவா, நல்ல நெறமா ஒண்ணு பாத்து வச்சேன். அழகா இருந்துச்சா?"

சிப்பிக் கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிற வீட்டில் உடைந்த ஓட்டை ஒருவர் கையிலும் கொடுக்க மாட்டார்கள். பாசத்தில் செய்திருக்கிறார், என்னவென்று திட்டுவது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் சாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"அந்த அக்காவுக்குத் தெரியும் சார்."

"அவங்க நம்ம ஆய்வேட்டைப் படிக்கவா போறாங்க? எனக்கும் முதல்லயே ஒரு சந்தேகம்தான். அத்தியாயம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அடப்பாவி! ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இந்த மனுஷனைச் சந்தேகப்படவில்லையே. உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடுறேன் சார்."

"அப்ப பட்டம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

கதவை நானே திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன். மீதி அத்தியாயங்களுக்குக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரேதான்.