டிகிரி அக்காவின் சந்தேகம்

டிகிரி அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வானிலை நிலையத்தில் வெப்பநிலை பார்ப்பது அவர் வேலை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அவர் தரும் எண்ணைத் தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்தார், நான் சொன்னேன். அவர் பார்த்ததில் பிசகு என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அலுவலகத்துக்குப் பின்னால் புல்தரையில், நெஞ்சுயரத்தில் வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்று நிற்கும். பக்கமெல்லாம் காற்றுப் புகச் சாய்த்து அடித்த சட்டங்கள், உள்ளே வெப்பமானி. அக்கா மணிக்கொரு தரம் போய்க் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை முதலில் படிப்பார், முழு எண்ணை அப்புறம். நம் உடம்புச் சூடு பட்டால் முதலில் நகர்வது அந்தப் பின்னெண்தான்.

"ஏன்க்கா, வெப்பமானி கூச்சப்படுமா? திருடன் மாதிரி போய்ப் பாக்குறீங்க" என்பேன்.

"உன் வாய்க்காத்து பட்டா அது கெட்டே போயிடும். தள்ளி நில்லுடா" என்பார்.

ஊர் சூடாகிக்கொண்டே வந்தது அவர் கையெழுத்திலேயே தெரியும். முதல் வருடப் பதிவேட்டில் கோடையின் உச்சம் நாற்பத்தொன்று. போன வருடம் நாற்பத்து நான்கை எட்டிப் பார்த்துவிட்டது. சூரியனைத் திட்டிப் பயனில்லை. கரியையும் எண்ணெயையும் எரித்து, காட்டை வெட்டி, நாமே மூட்டிய அடுப்பு இது. இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அக்கா கோபப்படமாட்டார், எழுதி வைப்பார். வாசல் மரத்து வௌவால்கள் இரண்டு கோடையாகப் பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. அவற்றையும் எண்ணி ஓரத்தில் எழுதினார்.

வெப்பநிலை நாற்பத்தைந்தைத் தொட்டால், ஊர் முழுக்க வெட்டவெளி வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். அக்காவின் ஒரே தம்பி தார்ச் சாலை போடுகிறவர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த உத்தரவு யாருக்கு முக்கியம் என்று அக்காவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. பன்னிரண்டுக்குப் போய் வந்த அக்கா, பேனா மூடியைத் திறக்காமலே நின்றார்.

"நாப்பத்தாறு புள்ளி ரெண்டு காட்டுதுடா."

நான் சிரித்தேன். "ஒரு மணி நேரத்துல ரெண்டரை டிகிரியா? அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். இல்ல, உங்களுக்கு."

அந்த வாயை நான் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எண்ணில் சந்தேகம் வந்தால், இன்னொரு வெப்பமானியைப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து ஒப்பிடும்வரை பழைய எண்ணையே சொல்ல வேண்டும் என்பது விதி. சந்தேகமா இல்லையா என்பது பார்ப்பவர் முடிவு. அசட்டையான ஆளாக இருந்தால் பார்த்ததை அப்படியே சொல்லித் தொலைத்திருப்பார். அக்கா கவனமான ஆள். இருபத்திரண்டு வருடத்தில் காணாத எண்ணை அவரால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு நேரே நாற்பத்து மூன்று புள்ளி எட்டையே எழுதி, 'சந்தேகம்' என்று குறித்தார். நானும் அதையே சொன்னேன்.

ஒரு மணிக்கு இரண்டு வெப்பமானியும் ஒரே குரலில் நாற்பத்தாறு புள்ளி நான்கு என்றன. உத்தரவு ஒன்றேகாலுக்குப் போனது. பன்னிரண்டு நாற்பதுக்கே தம்பி கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாலை ஒப்பந்தக்காரர் கெட்டிக்காரர். விழுந்த நேரத்துக்கு அரசாங்கப் பதிவு நாற்பத்து மூன்று புள்ளி எட்டுதானே, தினமும் அடிக்கிற வெயில்தானே என்று வாதாடினார். இதயக் கோளாறு என்று எழுதி விஷயத்தை முடித்தார்கள்.

பத்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்து, நேராக அதிகாரி அறைக்குப் போனார். பன்னிரண்டு மணி எண்ணைத் திருத்த வேண்டும் என்றார். நான் வாசலில் நின்றேன்.

"விதிப்படிதானேம்மா செஞ்சீங்க? உங்களை யாரும் குத்தம் சொல்லலையே" என்றார் அதிகாரி. "இப்பத் திருத்தினா, தப்பு என்னுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். வேலைக்கே உலை வச்சுக்காதீங்க."

"நான் பாத்தது நாப்பத்தாறு புள்ளி ரெண்டு சார். என் கண்ணுல தப்பில்ல. நம்பாததுதான் தப்பு."

எங்கள் பதிவேட்டில் அழிக்கிற வழக்கம் கிடையாது. பழைய எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து. அக்கா கோட்டைப் போட்டு, நாற்பத்தாறு புள்ளி இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. தார் அப்பிய பூட்ஸ் இன்னும் கதவோரத்தில் கிடந்தது. தம்பி மனைவியின் எதிரில் தரையில் உட்கார்ந்து, அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எண்ணைப் பார்த்ததை, நம்பாததை, நடுவில் போன அந்த ஒரு மணி நேரத்தை. நான் சிரித்ததையும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணாலேயே அடக்கினார்.

அந்தப் பெண் நகலையே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு நெஞ்சுல கோளாறே இல்லையா அண்ணி? எண்ணெயை ஊத்தி ஊத்திச் சமைச்சுப் போட்டு நான்தான் கொன்னுட்டேன்னு பத்து நாளா செத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. வெயில்தான். அப்புறம் நான்."

அவள் உடைந்து அழுதாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். அழுது முடித்ததும் கையை விட்டாள்.

"நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்றாள். "இனிமே இங்க வராதீங்க அண்ணி."