கிளட்ச் அக்கா ஏறாத பஸ்

அந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் பலருக்கும் அவள் பெயர் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று ஓதிக்கொண்டே இருப்பதால் கிளட்ச் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் ஒரு இடத்தில் நிலைகொள்ள மாட்டாள். வகுப்பு இல்லாத நேரத்தில் ஆபீஸ் நாற்காலிகளை இடம் மாற்றிப் போடுவாள், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பாள், சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிடுவாள். ஸ்கூல் அண்ணனுடையது, வீடும் அண்ணனுடையது. "உனக்கு உக்கார்ற எடத்துல முள்ளா இருக்கு?" என்று அண்ணி கேட்பாள். கேலிதான். என்றாலும் அக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

இருபத்திரண்டு வயதில், ஸ்கூலுக்கு எதிரே லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒருவன்மேல் அவளுக்கு ஆசை வந்தது. ஏணி மாதிரி வளர்ந்திருந்ததால் எல்லோருக்கும் அவன் நெட்டை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்காரனுக்குக் கட்டிக்கொடுக்கவா படிக்க வைத்தேன் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான். இருவரும் துறைமுக ஊருக்குப் போய்விடுவதென்று தீர்மானித்தார்கள். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் கூடத்தில் நெட்டைக்கு வேலை தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். விடிந்ததும் முதல் பஸ்.

அன்று அவள் பையைக் கட்டி, செருப்பையும் மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, வீட்டில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள். ஏன் எழவில்லை என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை குடைந்து பார்த்திருக்கிறாள். பதில் வந்ததே இல்லை.

நெட்டை அதன்பின் பட்டறைப் பக்கம் தலைகாட்டவில்லை. வேறு ஊரில் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பேச்சு வந்தது. அவளுக்கு வந்த வரன்களை அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தாள். பஸ் ஸ்டாண்டில், தோளில் பையோடு, வந்து நிற்கிற ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அவள் கண்ணால் பார்த்ததில்லை, மனசில் ஓடுகிற காட்சிதான். ஆனாலும் எந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் கையில் எடுத்தாலும் அவன்தான் குறுக்கே வந்து நின்றான். ஒருவனை அப்படி நிற்க வைத்தவள் தனக்கென்று ஒரு வாழ்க்கை கேட்பதாவது என்று விட்டுவிட்டாள்.

முப்பது வருடம் போனது. மழை விட்ட ஒரு காலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒருவர் வந்து வண்டியில் உட்கார்ந்தார். வழுக்கைத் தலை, லேசான கூன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ள அவள் குனிந்தபோது அவர் "நீயா?" என்றார். உடனே, தப்பாகப் பேசிவிட்டவர் போல, "நீங்களா?" என்று திருத்திக்கொண்டார்.

நெட்டைதான். மனைவி இறந்துவிட்டாள், கடைசிவரை அவள்தான் கார் ஓட்டினாள், இந்த ஊருக்கே திரும்பி வந்தாயிற்று, வண்டி சும்மா நின்று துருப்பிடிக்கிறது என்று ரோட்டைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். அக்கா, "கிளட்ச மிதிங்க" என்றாள். வேறென்ன சொல்வது.

அவள் கையில் வந்தவர்களிலேயே மோசமான மாணவன் அவன்தான். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடினான். குறுக்கே போகிறவர்களிடம் ஜன்னலைத் திறந்து மன்னிப்புக் கேட்டான். அந்தக் காலத்து நெட்டை பட்டறைச் சுவரை ஒரே தாவலில் தாண்டுகிறவன். இந்த ஆளுக்காகவா இத்தனை வருடம் என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவனை வேறு மாஸ்டரிடம் தள்ளிவிட்டாள். மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டாள். அவன் பழைய பேச்சை எடுக்க வாய் திறக்கும்போதெல்லாம் "இண்டிகேட்டர்" என்று அடக்கினாள்.

ஒரு மத்தியானம் நாலு ரோடு சந்திப்பில் வண்டி நடுவிலேயே அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு ரொம்ப நேரம் நின்னியா?"

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. நான் வரல. ஷேவிங்லாம் பண்ணிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். அங்கருந்து நேரா எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். நீ பையோட நிப்பேன்னு தெரியும். தெரிஞ்சும் போயிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார், ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து.

"நானும் வரல" என்றாள்.

சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவனை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வண்டியை எடுத்து, அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். அடுத்த சில நாள் அவனை வகுப்புக்கு வரவிடவில்லை. நடந்தாள். கடைத்தெருவில், ஆஸ்பத்திரி ரோட்டில், எங்கே போகிறோம் என்றே இல்லாமல் நடந்தாள். நிற்காத ஒருவனுக்காக அவள் ஆயுளில் பாதியை ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவனும் அப்படித்தானாம். மனைவியிடம் குறை வைத்ததில்லை, ஆனால் சிரிக்கும்போது நீ பையோடு நிற்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொள்வேன் என்று போனில் சொல்லியிருந்தான். யார்மேல் கோபப்படுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "நாளைக்கு அந்த ஊருக்குப் போலாம். உங்க வண்டிலதான். நான் ஓட்றேன்."

ஊர் ஒன்றும் பிரமாதமில்லை. பழுதுபார்க்கும் கூடம் எப்போதோ மூடியிருந்தது. பேட்டரிக் கடைகள், உப்புக்காற்றில் அரித்துப்போன ஷட்டர்கள், நிழலே இல்லாத ஒரு நீள ரோடு. மனசுக்குள் அவள் இந்த ஊரில் மாடி வீடு எடுத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்திருந்தாள். அப்படி ஒரு மாடி அங்கே இல்லை. வந்த வேகத்தில் திரும்பிவிடலாம் என்று அவளுக்குக் கால் பரபரத்தது. அவனுக்கு டீ வேண்டியிருந்தது.

டீக்கடைக்கார அம்மா காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க? எம் மருமகளும் கத்துக்கணும்னு உசிர வாங்குறா. இங்க யாரு சொல்லித் தர்றது?"

அக்கா டம்ளரை வைத்தாள். பக்கத்தில் ஸ்கூல் எங்கே இருக்கிறது, லைசென்ஸுக்கு எந்த ஊருக்குப் போகிறார்கள், வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினாள். திரும்பி வரும்போது நெட்டை தயங்கித் தயங்கி, இனிமேலாவது கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று கேட்டான். "அது அப்புறம்" என்றாள். "மொதல்ல எனக்குன்னு ஒரு எடம் வேணும்."

சொன்னபடியே அந்த ஊரில் இடம் பிடித்துச் சொந்தமாக ஸ்கூல் தொடங்கினாள். அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அண்ணி அவனுக்குத் தெரியாமல் பாத்திரம், போர்வை எல்லாம் கட்டிக் கொடுத்தாள். நெட்டை தன் காரைத் தந்தான். அதில் அவள் உட்காரும் பக்கம் இரண்டாவது பிரேக் வைத்து, மேலே போர்டும் மாட்டியாயிற்று. முதல் மாணவி டீக்கடைக்காரம்மாவின் மருமகள். நெட்டை சனிக்கிழமைதோறும் வருகிறான். டெஸ்ட்டில் தேறவில்லை, தேறாததற்கு இவள்தான் காரணம் என்று சண்டை பிடிக்கிறான். கல்யாணப் பேச்சு இன்னும் 'அப்புறம்' என்கிற இடத்திலேயே நிற்கிறது.

போன வாரம் அண்ணி போனில் கேட்டாள், "இப்பவாச்சும் நிம்மதியா இருக்கியா?"

"தெரியல அண்ணி. ஆள் வந்தாச்சு, வைக்கிறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.