வலது பக்கப் பெட்டி

காலை ஏழு மணிக்கு அப்புசாமி செட்டின் மேல் போர்த்திய துண்டை உருவுகிறார். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு தட்டு, கேசட் டெக்கின் மூடிக்கு ஒரு ஊதல், பிறகு சுவிட்ச். பச்சை விளக்கு எரிந்ததும் இடது பக்க ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுகிறார். வலது பக்கப் பெட்டியை முறைக்கிறார். இரண்டும் இடுப்பளவு உயரம், ஒரே மரம், ஒரே வயது. ஆனால் வலது சரியாகப் பாடுவதில்லை என்பது அவர் கட்சி.

“தண்டச்சோறுங்க சாமி இது. கரண்டத் தின்னுபோட்டுச் சும்மா நிக்குது.”

அவர் வீட்டு மாடியில் நான் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். திருச்செங்கோட்டில் வாடகை குறைவு என்று சொன்ன நண்பர், தரை அதிரும் என்று சொல்லவில்லை. கீழே கேசட் ஓடும்போது மேலே என் காபி டம்ளர் மேஜையில் தானாக நகர்கிறது.

அப்புசாமி போர்வெல் ரிக் வண்டியில் முப்பத்தொரு வருடம் டிரில்லராக இருந்தவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கண்ட இடமெல்லாம் பூமியைத் துளைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான அதே வருடம் போபாலில் இந்தச் செட்டை வாங்கி, ரிக் வண்டியிலேயே கட்டி எடுத்துவந்தார். அவர் மனைவி வசந்தாமணிக்கு அது இன்னும் ஆறவில்லை. “என்னைய சங்ககிரியிலிருந்து பஸ்ஸுல நிக்க வெச்சுக் கூட்டியாந்தாருங்க. அதைய மெத்தை போட்டுப் படுக்க வெச்சுக் கொண்டாந்தாரு.”

ரிக்கில் கம்ப்ரசர் ஓடும்போது பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். கையை முறுக்கி மூடினால் நிறுத்து. விரலைத் தூக்கி வட்டம் போட்டால் இன்னொரு ராடு போடு, இன்னும் ஆழம் போகலாம். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் கை ஓயவில்லை. சாப்பாட்டில் விரல் வட்டம் போட்டால் இன்னொரு தோசை. தெருவில் கார் ரிவர்ஸ் எடுப்பவர்களுக்கும் இதே சாடையைக் காட்டுகிறார். அவர்கள் குழம்பி, வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

வலது பெட்டிக்கு அவர் செய்யாத வைத்தியமில்லை. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். கோன் இரண்டு முறை மாற்றினார்கள், வயர் ஒருமுறை. மூவருமே ஒரு குறையும் தெரியவில்லை என்றார்கள், மூவரையுமே அவர் வேலை தெரியாதவர்கள் என்றார். பிறகு தானே பேலன்ஸ் திருகை வலது பக்கமாக முக்கால்வாசி திருப்பி வைத்துக்கொண்டார். வலது பக்க சோபாவில் உட்காரும் விருந்தாளிகள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவது அதனால்தான். அவர்களுக்கு இசை ஞானம் போதாது என்பது இவர் முடிவு.

மகன் சபரிநாதன் கோயம்புத்தூரிலிருந்து தீபாவளிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கி அனுப்பினான். அப்புசாமி அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். “உலக்கையாட்ட இருக்குது. இது பாடுமா, இடிக்குமா?” அது பரணுக்குப் போனது. நான் மட்டும் உலக்கை ஜெயிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

வசந்தாமணியும் என் கட்சிதான், ஆனால் காரணம் வேறு. அப்புசாமியின் பிரம்பு நாற்காலிக்கு வலது பக்கம் சமையலறை. அங்கிருந்து வசந்தாமணி பேசுவது எதற்கும் பதில் வராது. “பத்து வாட்டி சொன்னா ஒரு வாட்டி திரும்புவாருங்க. செட்டுக்கு மட்டும் காதை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு.” ஒருநாள் மாடிக்குத் துணி உலர்த்த வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “நான் பேசறது புடிக்கலீங்களாட்ட இருக்குது. பேசறதையே உட்டுப்போடலாமான்னு பாக்கறேன்.” என்னால் கூடச் சிரிக்க முடியவில்லை. அன்று எனக்கு அந்த மனுஷர் மேல் கோபமே வந்தது.

போன மாதம் அப்புசாமி ஒரு முடிவுக்கு வந்தார். சேலம் அம்மாபேட்டையில் கல்யாண மண்டபங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் உஷாராணியை வரச் சொன்னார். “அந்தம்மாவும் கைய விரிச்சுட்டா செட்டு வெளிய, உலக்கை உள்ள.” வீரமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் விரல் ஒருமுறைகூட வட்டம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உஷாராணி வந்தபோது நானும் கீழே இருந்தேன். முதலில் அவர் திருகை நடுவில் வைத்தார். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இரண்டு பெட்டிகளின் வயரையும் இடம் மாற்றிச் சொருகினார். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்றால் இப்போது இடது பெட்டிதான் மங்க வேண்டும். “எது மங்கலா கேக்குதுங்க ஐயா?”

“வலதுதான்.”

பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தோம். ஒரு முனையை நான் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இப்பவும் வலதுதானுங்க.”

உஷாராணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செட்டுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். அப்புசாமி உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது.

“அட! அந்தப் பக்கம் பாடுதுங்க! இந்தப் பக்கந்தான் இப்பப் படுத்துக்கிச்சு.” அவர் கை நீட்டியது, அதுவரை ஒரு குறையும் சொல்லாத பக்கத்தை.

“செட்டு நல்லாருக்குங்க ஐயா,” என்றார் உஷாராணி. “ரிக்குல நிக்கறப்ப கம்ப்ரசர் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?”

 அப்புசாமியின் வலது கை மெல்ல மேலே போய் வலது காதைத் தொட்டது.

முதலில் சிரித்தவர் வசந்தாமணி. “செட்டை மாத்தறதாம் செட்டை! மாத்தறதுன்னா உங்களத்தான் மாத்தோணும்!” அடக்க முடியாமல் சிரித்தார். செட் பிழைத்தது, உலக்கை மேலிருந்து இறங்காது என்று எனக்கும் புரிந்தது. வசந்தாமணியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப இத்தன வருசமா நாஞ் சொன்னதெல்லாம்...” என்று ஆரம்பித்தவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புசாமி எழுந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டை அணைத்தார். இரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிரம்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், இடது காது சமையலறையைப் பார்க்கும்படி போட்டு உட்கார்ந்தார். வசந்தாமணியைப் பார்த்து விரலைத் தூக்கி வட்டம் போட்டார்.