சீனியர் கிளப்பிய புழுதி

கோடையில் மோட்டார் சைக்கிளில் கூட்டமாகப் போகும் அன்பர்களே, எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

சித்திரையில் பாளையங்கோட்டையிலிருந்து மூவர் திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். முன்னால் என் சீனியர் வக்கீல், அடுத்து அவர் மைத்துனர், கடைசியில் ஜூனியரான நான். கோர்ட்டிலேயே அவருக்கு முன்னால் நடக்காதவன், ரஸ்தாவில் முந்துவேனா? பின்தங்கினாலோ, "என்ன வே, மாட்டுவண்டியா ஓட்டுதீரு?" என்பார். ஆகவே இருவர் கிளப்பிய புழுதியையும் விழுங்கிக்கொண்டு ஒட்டியே போனேன்.

ஏரலுக்குப் பிரியும் பாதை அருகே ரஸ்தாவில் சரளைக் கொட்டிப் பரப்பி, நனைக்கத் தண்ணீர் இல்லாததால் உருளை ஓட்டி இறுக்காமல் விட்டிருந்தார்கள். முன்னால் போன இருவரும் அதைக் கண்டு ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்குக் கை காட்டவில்லை. புழுதியில் ஒன்றும் தெரியாமல் சரளில் ஏறினேன். சக்கரம் வழுக்கி விழுந்ததில் இடது கை ஒடிந்தது.

திரும்பி வந்த சீனியர், "பாத்து வரப்படாதா வே? நாங்க ஒதுங்கலையா?" என்றார்.

"புழுதியில ஒண்ணும் தெரியல அண்ணாச்சி" என்றேன்.

"சரி, உச்சிகால பூசைக்கு நேரமாகுது" என்று சொல்லி, எதிரே வந்த மாட்டுவண்டியில் என்னை ஏற்றிவிட்டு இருவரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கோயிலின் பன்னீர் இலை விபூதியோடு வந்து, "உமக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றார்.

கை இன்றும் முழுதாக மடங்கவில்லை. இப்போதெல்லாம் யாரோடு போனாலும், முன்னால் போகிறவரின் புழுதி அடங்கிய பிறகே வண்டியை எடுக்கிறேன். மரியாதை தெரியாதவன் என்று சீனியர் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். அவருடைய மரியாதைக்குக் கொடுக்க என்னிடம் இன்னும் ஒரு கைதான் மிச்சம்.