சாட்சி சொன்ன பிறகு வந்த இரத்தம்

என் குடலிலிருந்த புற்றுக் கட்டியை எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் அறுத்தெடுத்தபோது தழும்பு ஒரு விரல் நீளம்தான் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரத்தம் அதிகம் போகவில்லை, சீக்கிரம் எழுந்து நடந்துவிட்டாள் என்று டாக்டரின் கைராசி பாளையங்கோட்டை முழுவதும் பேச்சானது. அவ்வளவு சின்ன ஓட்டைக்குள் அவர் எதைப் பார்த்திருப்பார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் சபையில், நோயிலிருந்து பிழைத்தவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ‘கர்த்தர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கினார்’ என்று நானும் சொன்னேன். ஆடு வெட்டி, சபைக்கே அசனம் போட்டோம்.

மறு வருஷம் மறுபடியும் மலத்தோடு இரத்தம் போக ஆரம்பித்தது. வயிற்றில் அதே இடத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அதே டாக்டரிடம் போனேன். அவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் உடம்பு வாகு அப்படியாம், மிளகாயைக் குறைக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முந்தி அறுக்கையில முழுசும் எடுத்தியளா?” என்று கேட்டேன். கம்பவுண்டர் பதறிப்போய் என்னை வெளியே அனுப்பினார்.

வள்ளியூருக்கும் தெற்கே இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போகப்போகிறேன் என்று தெரிந்ததும் ஐயர் வீட்டுக்கு வந்தார். குருவானவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“பூரண சுகம்னு சபைக்கு முன்னால சாட்சி சொல்லிட்டு, இப்ப திரும்பவும் கத்திக்குப் போறேங்கியே. ஆண்டவரு அரைகுறையா சுகமாக்குனாருன்னு ஆகாதா?”

“அரைகுறையா செஞ்சது ஆண்டவரு இல்ல, ஐயரே. அறுத்தவருதான்.”

அசனத்தில் கறி தின்றவர்களுக்கெல்லாம் என் குடலில் பங்கு வந்துவிட்டது. விசுவாசம் போய்விட்டது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என் கணவரும் இரண்டு மனமாக இருந்தார்.

“ஏட்டி, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போமே” என்றார்.

“நான் பொறுப்பேன். கட்டி பொறுக்குமா?” என்றேன். மறுநாள் அவரே வில்வண்டி பிடித்து வந்தார்.

புது டாக்டர் வெள்ளைக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் புத்தகத் தமிழில் சொன்னார்: “கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. இருபுறமும் நல்ல குடலையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை ஒட்டிய கொழுப்பையும், அதிலுள்ள நெறிக்கட்டிகளையும் விடக்கூடாது. காயம் பெரிதாகும். நீங்கள் பிழைப்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைத்தாலும் நோய் திரும்பாது என்றும் சொல்ல மாட்டேன்.”

எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. “எவ்வளவு பெருசா வேணும்னாலும் கிழிங்க. எதையும் விட்டுவைக்காதீங்க” என்றேன்.

தழும்பு நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இறங்கியது. தேறி எழ மாதக்கணக்கானது. இந்தத் தழும்பைப் பார்க்க ஒருத்தியும் வரவில்லை.

நான் கோவிலுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, ஐயர் வழக்கப்படி சாட்சி சொல்லக் கூப்பிட்டார். பூரண சுகம் என்ற வார்த்தைக்காகச் சபையே காத்திருந்தது. எழுந்து நின்றேன்.

“மொத தடவை அறுத்தவரு மிச்சம் வச்சாரு. ரெண்டாவது அறுத்தவரு, கண்ணுக்குத் தெரிஞ்ச எதையும் விடல. அப்படியும் திரும்ப வந்தா, நான் திரும்பவும் போவேன். ஸ்தோத்திரம்.”

ஆமென் சொல்ல ஆளில்லை. கொஞ்சம் பொறுத்து ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. அது என் கணவருடையது.